அமெரிக்காவில் பணியிடப் பாகுபாடு: முதல் குறிப்பிலிருந்து வழக்கு வரை ஊழியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பாகுபாடு நடந்தது உண்மையாக இருக்கும். மேனேஜர் அனுப்பிய மின்னஞ்சல் கையில் இருக்கும். சாட்சி சொல்லவும் ஆள் இருக்கும். ஆனாலும் வழக்கு எடுபடாமல் போகும், ஏனென்றால் ஒரு தேதி கடந்துபோயிருக்கும். அமெரிக்கச் சட்டத்தில் ஊழியர் நேராக நீதிமன்றத்துக்குப் போக முடியாத வழக்குகளே அதிகம். முதலில் அரசு ஆணையத்தில் புகார், பிறகு அங்கிருந்து ஒரு நோட்டீஸ், அதற்குப் பிறகுதான் வழக்கு. இந்த வரிசை குலைந்தால் நியாயம் பக்கத்தில் இருந்தும் பயனில்லை.

இங்கே சொல்வது தனியார் நிறுவன ஊழியர்களுக்கான கூட்டாட்சிச் சட்ட வழி. கூட்டாட்சி அரசு ஊழியர்களுக்கு வழியே வேறு: சம்பவம் நடந்த 45 நாளுக்குள் தங்கள் துறையின் சமவாய்ப்பு ஆலோசகரை அணுகியாக வேண்டும்.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை: வேலை நியமனக் கடிதம், ஊழியர் கையேடு, கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் பணி மதிப்பீடுகள், சம்பளச் சீட்டுகள், வேலையில் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் அனைத்தும். அலுவலகத்துக்குத் தொடர்பில்லாத சொந்த மின்னஞ்சல் ஒன்றும் வேண்டும்.

1. முதல் வேலை: கடைசி நாளைக் கணக்கிடுவது

சமவேலைவாய்ப்பு ஆணையத்தில் (சுருக்கமாக இ.இ.ஓ.சி.) புகார் கொடுக்க, சம்பவம் நடந்த நாளிலிருந்து 180 நாள் அவகாசம். அதே வகைப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும் அதை அமல்படுத்தும் அமைப்பும் உங்கள் மாநிலத்திலோ நகரத்திலோ இருந்தால் அது 300 நாளாக நீளும். வாரக் கடைசியும் விடுமுறையும் கணக்கில் சேரும். கடைசி நாளே விடுமுறையில் விழுந்தால் மட்டும் அடுத்த வேலை நாள் வரை நேரம் உண்டு.

எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வேலைநீக்கம் என்றால், முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து கடிகாரம் ஓடும், கடைசியாக வேலை பார்த்த நாளிலிருந்து அல்ல. ஜூன் 1 அன்று ‘ஆகஸ்ட் 31-உடன் வேலை முடிகிறது’ என்று கடிதம் வந்தால், எண்ண வேண்டியது ஜூன் 1-லிருந்து. பதவி உயர்வு மறுப்பு, இடமாற்றம், வேலைநீக்கம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெடு. தொடர் துன்புறுத்தலுக்கு மட்டும் விதி சற்று இளகும்: கடைசிச் சம்பவம் கெடுவுக்குள் இருந்தால், அதோடு சேர்ந்த பழைய சம்பவங்களையும் கணக்கில் எடுக்கலாம். சம்பளப் பாகுபாட்டில், 2009-ன் லில்லி லெட்பெட்டர் சட்டப்படி, குறைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு சம்பளமும் புதிய தொடக்கம்.

பெரிய தவறு ஒன்று உண்டு. ‘எச்.ஆர். விசாரித்துக்கொண்டிருக்கிறது, முடியட்டும்’ என்று காத்திருப்பது. உள்விசாரணை, மேல்முறையீடு, சமரசப் பேச்சு எதுவுமே இந்தக் கெடுவைப் பொதுவாக நிறுத்தி வைக்காது. ஆறு மாதம் விசாரணை நடத்தி ‘ஆதாரம் இல்லை’ என்று பதில் வரும்போது 180 நாள் போயிருக்கும்.

மாநிலக் கெடு நீளமாக இருக்கலாம். கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் மாநில அமைப்பிடம் புகார் கொடுக்க மூன்று ஆண்டு வரை உண்டு. ஆனால் அதை நம்பிக் கூட்டாட்சிக் கெடுவை விட்டுவிடாதீர்கள். இரண்டில் குறுகியதைக் காலண்டரில் குறித்து, அதற்கு 60 நாள் முன்பு இன்னொரு குறி வையுங்கள்.

2. நடந்தது சட்டத்துக்குள் வருகிறதா என்று பார்ப்பது

மேனேஜர் மோசமானவர் என்பது மட்டும் வழக்காகாது. எல்லோரையும் ஒரே மாதிரி வாட்டுகிறவர் மேல் பாகுபாட்டு வழக்கு நிற்பதில்லை. ‘இந்தக் காரணத்தால் என்னை வேறு மாதிரி நடத்தினார்கள்’ என்று காட்ட வேண்டும். அந்தக் காரணமும் சட்டப் பட்டியலில் இருக்க வேண்டும்.

1964-ன் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் தலைப்பு: இனம், நிறம், மதம், பாலினம், தேசியப் பூர்வீகம். கர்ப்பம் பாலினத்துக்குள் வரும். பாலியல் நாட்டமும் பாலின அடையாளமும் அதற்குள் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்தது. 15 ஊழியர்களாவது உள்ள நிறுவனங்களுக்கு இது பொருந்தும்.

வயதுப் பாகுபாட்டுக்கு 1967-ன் சட்டம்: 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, 20 ஊழியர் உள்ள நிறுவனங்களில். மாற்றுத்திறனுக்கு 1990-ன் சட்டம், மீண்டும் 15 ஊழியர். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு சம்பளம் என்றால் 1963-ன் சம ஊதியச் சட்டம். அதற்கு ஆணையப் புகார் தேவையில்லை, நேராக வழக்குப் போடலாம். கெடு இரண்டு ஆண்டு, வேண்டுமென்றே செய்ததென்றால் மூன்று.

இன அடிப்படையிலான பாகுபாட்டுக்கு 1866-லிருந்து வரும் ‘பிரிவு 1981’ என்ற தனிக் கதவு உண்டு. ஆணையப் புகார் வேண்டாம், குறைந்தபட்ச ஊழியர் எண்ணிக்கை இல்லை, இழப்பீட்டு உச்சவரம்பு இல்லை. வேலையில் சேர்ந்தபின் நடந்தவற்றுக்கு நான்கு ஆண்டு அவகாசம். வம்சாவளியும் இனமரபும் இதில் அடங்கும். தேசியப் பூர்வீகம் மட்டும் என்றால் அடங்காது. 300 நாள் போய்விட்டது என்று கைவிடும் முன் இதை வழக்கறிஞரிடம் கட்டாயம் கேளுங்கள்.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு தெளிவு தேவை. எச்1பி-யில் இருக்கிறீர்கள் என்பதால் ஏழாம் தலைப்பின் பாதுகாப்பு குறைவதில்லை. இந்தியப் பூர்வீகத்துக்காக, உச்சரிப்புக்காக, மதத்துக்காக ஒதுக்கினால் புகார் கொடுக்கலாம். உச்சரிப்பைக் காரணம் காட்ட வேண்டுமானால், அது வேலையை உண்மையாகவே பாதிக்கிறது என்று நிறுவனம் காட்ட வேண்டும். ‘குடியுரிமை நிலை’ அடிப்படையிலான பாகுபாட்டுக்கு வேறு சட்டம், நீதித்துறையின் வேறு பிரிவு, 180 நாள் கெடு. அந்தச் சட்டத்தின் குடியுரிமைப் பாதுகாப்பு எச்1பி-காரர்களுக்குக் கிடைக்காது.

சாதி விஷயத்தில் கூட்டாட்சிச் சட்டம் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. சியாட்டில் நகரம் 2023-ல் வெளிப்படையாகத் தடை செய்தது, அதே ஆண்டு ஃபிரெஸ்னோவும். கலிபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர், ஏற்கெனவே உள்ள சட்டங்களே போதும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அதனால் சாதி காரணமாகப் பாதிக்கப்பட்டவர்கள் வம்சாவளி, இனம், மதம் போன்ற தலைப்புகளின் கீழ் எழுத வேண்டியிருக்கிறது. எந்தத் தலைப்பு என்பதை வழக்கறிஞரோடு உட்கார்ந்து தீர்மானிப்பதே நல்லது. இது இன்னும் கெட்டிப்படாத நிலம்.

3. அன்றன்றைக்கே எழுதி வைப்பது

ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதியதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பத்து நிமிடத்தில் கிழித்துவிடுவார். அன்றே எழுதிய குறிப்பு அப்படி உடைவதில்லை. நல்ல குறிப்பு இப்படி இருக்கும்:

‘மார்ச் 4, செவ்வாய், காலை 10.30. வாராந்திரக் கூட்டம், வீடியோ அழைப்பு. மேனேஜர் என்னிடம்: “உன் உச்சரிப்பு கிளையன்ட்டுக்குப் புரியாது, இனி நீ டெமோ கொடுக்க வேண்டாம்.” உடனிருந்தவர்கள் நால்வர் (பெயர்கள்). மாலை 5.10-க்கு டெமோ வேறொருவருக்கு மாற்றப்பட்டதாக மின்னஞ்சல். கிளையன்ட்டிடமிருந்து இதுவரை புகார் எதுவும் வந்ததில்லை.’

பேசிய சொற்களை அப்படியே எழுதுங்கள். ‘அவமானப்படுத்தினார்’ என்பது உங்கள் முடிவு, ஆதாரம் அல்ல. அலுவலக மடிக்கணினியில் எழுத வேண்டாம், ஏனென்றால் வேலை போகும் நாளில் அதையும் பறித்துக்கொள்வார்கள்.

வார்த்தைகளைவிட வலுவானது ஒப்பீடு. உங்களைப் போலவே வேலை, அதே மேனேஜர், அதே தவறு, ஆனால் வேறு பின்னணி. அவருக்கு எச்சரிக்கை, உங்களுக்கு வேலைநீக்கம். இப்படி ஒருவரையாவது காட்ட முடிந்தால் வழக்கின் எடையே மாறும். நிறுவனம் சொல்லும் காரணம் மாறிக்கொண்டே போவதையும் குறித்து வையுங்கள். முதலில் ‘திட்டம் முடிந்தது’, பிறகு ‘செயல்திறன் போதவில்லை’, ஆணையத்துக்குப் போன பதிலில் ‘குழுவோடு ஒத்துப்போகவில்லை’ என்றால், அந்தக் காரணங்கள் வெறும் சாக்கு என்று வாதிட அதுவே வழி.

எடுக்கக் கூடாதவை: வாடிக்கையாளர் தரவு, சோர்ஸ் கோட், மற்றவர்களின் சம்பளக் கோப்பு, உங்களுக்கு அனுமதியில்லாத எதுவும். மொத்த இன்பாக்ஸையும் சொந்த மின்னஞ்சலுக்குத் தள்ளுவதும் கூடாது. அப்படிச் செய்தது பிறகு தெரியவந்தால், அதற்காகவே வேலையை விட்டு நீக்கியிருப்போம் என்று நிறுவனம் வாதிட்டு உங்கள் இழப்பீட்டைக் குறைக்க முடியும். ஒரு ஆவணம் இருக்கிறது என்று தெரிந்தால் தேதி, தலைப்பு, அனுப்பியவர் ஆகியவற்றைக் குறித்தால் போதும். வழக்கில் அதைக் கேட்டு வாங்கலாம்.

ரகசியமாக உரையாடலைப் பதிவு செய்வது கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் எல்லாரும் சம்மதிக்காவிட்டால் குற்றம். மாநில விதி தெரியாமல் அதில் கைவைக்காதீர்கள்.

4. எச்.ஆருக்கு எழுத்தில் புகார்

வாய்மொழியாகச் சொன்னதை யாரும் சொல்லவில்லை என்று மறுக்கலாம். மின்னஞ்சல்தான் சரி. இரண்டு காரணங்கள் இருக்கின்றன. மேலதிகாரியின் துன்புறுத்தலில், ‘எங்களிடம் நல்ல புகார் முறை இருக்கிறது, அவர் பயன்படுத்தவே இல்லை’ என்ற தற்காப்பை உச்ச நீதிமன்றத்தின் 1998 தீர்ப்புகள் சில சூழல்களில் நிறுவனத்துக்குத் தருகின்றன. நீங்கள் எழுதிவிட்டால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடும். இன்னொன்று, பழிவாங்கலிலிருந்து பாதுகாப்பு இந்த மின்னஞ்சலிலிருந்து தொடங்குகிறது.

அதற்கு ‘பாகுபாடு’ என்ற சொல்லும் காரணமும் அதில் இருக்க வேண்டும். ‘என்னை நியாயமாக நடத்தவில்லை, மன உளைச்சலாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் அது சட்டம் காக்கும் புகாராகாமல் போகலாம். இந்த அளவு போதும்: ‘என் தேசியப் பூர்வீகத்தின் காரணமாக நான் வேறுவிதமாக நடத்தப்படுவதாக நம்புகிறேன். பிப்ரவரி 10, மார்ச் 4 நாட்களில் நடந்தவை கீழே. இதைப் பாகுபாட்டுப் புகாராக ஏற்று விசாரிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.’ ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். திட்டு, மிரட்டல், ராஜினாமாப் பேச்சு எதுவும் வேண்டாம். அனுப்பிய மின்னஞ்சலின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

அதன் பிறகு வரும் ‘செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம்’, வேலை நேர மாற்றம், கூட்டங்களிலிருந்து நீக்கம் எல்லாவற்றையும் தேதியோடு குறியுங்கள். மூலப் பாகுபாட்டை நிரூபிக்க முடியாமல் போனாலும் பழிவாங்கல் தனியாக வெல்லலாம். நீங்கள் நல்லெண்ணத்தோடும் நியாயமான நம்பிக்கையோடும் புகார் கொடுத்திருந்தால் போதும்.

5. ராஜினாமாவும் கையெழுத்தும்

மனம் வெந்து ராஜினாமா கடிதம் எழுதுவது புரிகிறது. ஆனால் தானாக விலகியவர், நியாயமான எவருமே தொடர முடியாத அளவுக்கு நிலைமை இருந்தது என்று காட்ட வேண்டியிருக்கும். நீதிமன்றங்கள் அதை எளிதில் ஏற்பதில்லை. உடல்நலத்துக்கு ஆபத்து இல்லாதவரை, வழக்கறிஞரிடம் பேசிய பிறகு முடிவெடுங்கள்.

எச்1பி-காரர்களுக்கு இன்னொரு கணக்கு: வேலை முடிந்தபின் அதிகபட்சம் 60 நாள் அவகாசம், ஐ-94 (நாட்டில் தங்க அனுமதித்த காலத்தைக் காட்டும் பதிவு) அதற்கு முன் முடிந்தால் அதுவரை மட்டும். வழக்கு நடப்பது நாட்டில் தங்கும் உரிமையைத் தராது. குடியேற்ற வழக்கறிஞரும் வேலைச் சட்ட வழக்கறிஞரும் வேறு வேறு ஆட்கள். இருவரிடமும் பேச வேண்டும்.

வேலை போகும் நாளில் மேசைமேல் வைக்கும் விலகல் தொகை ஒப்பந்தத்தில் அன்றே கையெழுத்திடாதீர்கள். வழக்குரிமையை விட்டுக்கொடுப்பதற்கான விலைதான் அந்தப் பணம். 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, வயது உரிமையை விட்டுக்கொடுக்க யோசிக்க 21 நாளும் (கூட்டமாக நீக்கும்போது 45 நாள்), கையெழுத்திட்டபின் திரும்பப் பெற 7 நாளும் சட்டமே தருகிறது. 40-க்குக் கீழ் உள்ளவர்கள் கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலும் ஒரு வாரமாவது கிடைக்கும்.

பழைய ஒப்பந்தங்களில் தனியார் நடுவர் தீர்ப்பு விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் நீதிமன்றத்துக்குப் பதில் நடுவரிடம்தான் போக நேரும். பாலியல் துன்புறுத்தல் வழக்குகளில் அந்த விதியை ஏற்காமல் இருக்க 2022-ல் வந்த சட்டம் ஊழியருக்கு உரிமை தருகிறது. எந்த ஒப்பந்தமும் இ.இ.ஓ.சி.-யில் புகார் கொடுப்பதைத் தடுக்க முடியாது.

6. இ.இ.ஓ.சி. புகார்

ஆணையத்தின் இணையப் போர்ட்டலில் முதலில் ஒரு விசாரிப்பு பதிய வேண்டும், பிறகு நேர்காணல், அதன் பிறகே புகார். விசாரிப்பு பதிந்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். விசாரிப்பு புகாராகாது. நீங்கள் கையெழுத்திட்ட புகார் போய்ச் சேர்ந்தால்தான் கெடு நிறைவேறும். நேர்காணல் நாள் வாரக்கணக்கில் தள்ளிக் கிடைக்கலாம், அதனால்தான் 60 நாள் முன்குறி. அதற்கும் குறைவாக இருந்தால், அவசரமாகப் பதிய வழி போர்ட்டலிலேயே சொல்லப்படும். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

அடிப்படைகளைக் குறிக்கும் கட்டங்களில் பொருந்தும் எல்லாவற்றையும் குறியுங்கள்: இனம், தேசியப் பூர்வீகம், பழிவாங்கல். பின்னால் வரும் வழக்கு இந்தப் புகாரில் சொன்னதையும் அதோடு இயல்பாகச் சேர்ந்ததையும் தாண்ட முடியாது. தேசியப் பூர்வீகத்தை மட்டும் குறித்துவிட்டு இரண்டு ஆண்டு கழித்து வயதையும் சேர்க்கப் போனால் நிறுவனம் அதை நீக்கச் சொல்லும், நீதிபதியும் நீக்குவார். அதற்காக உண்மையில்லாததைக் குறிக்கவும் கூடாது. பொய்யானால் தண்டனை உண்டு என்று அறிந்தே கையெழுத்திடுகிறீர்கள்.

விவரப் பகுதியில் எழுத வேண்டியவை இவ்வளவுதான்: நீங்கள் யார், எப்போதிலிருந்து வேலை, என்ன நடந்தது, எந்த நாள், யார் செய்தது, நிறுவனம் சொன்ன காரணம், உங்களைவிட நன்றாக நடத்தப்பட்டவர் யார். முதல் சம்பவத்தின் தேதியும் கடைசிச் சம்பவத்தின் தேதியும் தெளிவாக இருக்கட்டும். அதிகாரி தட்டச்சு செய்து தரும் வரைவை வரிவரியாகப் படித்த பிறகே கையெழுத்து. புகாருக்குப் பின் பழிவாங்கல் நடந்தால் புகாரைத் திருத்தலாம், அல்லது புதியது கொடுக்கலாம்.

பெயர் மறைத்துப் புகார் கொடுக்க முடியாது. 10 நாளுக்குள் நிறுவனத்துக்கு அறிவிப்பு போகும். மாநில அமைப்போடு ஒப்பந்தம் உள்ள இடங்களில் ஒரே புகார் இரண்டு இடத்திலும் பதிவாகும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

7. புகாருக்கும் நோட்டீஸுக்கும் நடுவில்

பல புகார்களில் ஆணையமே இலவச சமரசம் முன்வைக்கும். இரு தரப்பும் சம்மதித்தால்தான் நடக்கும். பேசியது வெளியே போகாது. வழக்கமாக மூன்று நான்கு மணி நேர அமர்வு. நிறுவனத்தின் செலவு ஏறும் முன்பு நடப்பதால் தீர்த்துவிட நல்ல தருணம் இது. போகும் முன், இழந்த சம்பளத்தையும் சலுகைகளையும் தாளில் கூட்டி எடுத்துப் போங்கள். தொகை சொல்லத் தயங்குகிறவர் எதிராளி சொல்லும் தொகையில் மாட்டிக்கொள்வார்.

சமரசம் இல்லையென்றால் நிறுவனம் தன் நிலைப்பாட்டு அறிக்கையைத் தாக்கல் செய்யும். அது தானாக உங்களிடம் வராது, நீங்கள் கேட்டால் நகல் தருவார்கள். பதில் எழுத 20 நாள். அதில் உள்ள ஒவ்வொரு பொய்க்கும் எதிரே உங்கள் ஆவணத்தை வையுங்கள்.

இந்தக் காலம் முழுவதும் வேலை தேடிக்கொண்டே இருங்கள், தேடியதற்குப் பதிவும் வையுங்கள்: நிறுவனம், பதவி, விண்ணப்பித்த நாள், பதில். இழப்பைக் குறைக்க முயலாதவருக்கு இழந்த சம்பளத்தை நீதிமன்றம் வெட்டும்.

8. நோட்டீஸ் வந்தபின் 90 நாள்

‘வழக்குத் தொடரும் உரிமை’ நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் வழக்கு நீதிமன்றத்தில் பதிவாகியிருக்க வேண்டும். நோட்டீஸில் ‘பாகுபாடு நிறுவப்படவில்லை’ என்று இருந்தாலும் வழக்கு போடலாம். அந்த வரியைப் பார்த்து மனம் தளர்ந்து விட்டவர்கள் பலர். விசாரணையை முடித்துக்கொண்டார்கள் என்பதே அதன் பொருள், நீங்கள் தோற்றீர்கள் என்பதல்ல.

நோட்டீஸ் இப்போது போர்ட்டலில்தான் வருகிறது. மின்னஞ்சல் ஸ்பாமில் கிடந்தாலும் வாதம் உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். வாரம் ஒருமுறை போர்ட்டலைத் திறந்து பாருங்கள். நோட்டீஸ் பதிவேறிய நாளையே முதல் நாளாக எண்ணுங்கள். விசாரணை இழுத்தால், 180 நாள் கழித்து நோட்டீஸை நீங்களே கேட்டு வாங்கலாம். வயதுப் பாகுபாட்டில் புகார் கொடுத்து 60 நாள் ஆனால் நோட்டீஸ் இல்லாமலே வழக்கு போடலாம்.

வழக்கறிஞரை நோட்டீஸ் வந்தபின் தேடத் தொடங்காதீர்கள். 90 நாளில் பாதி தேடலிலேயே போய்விடும், 80-வது நாளில் வருபவரை யாரும் ஏற்க மாட்டார்கள். பலர் வென்றால் மட்டும் பங்கு என்ற முறையில் எடுப்பார்கள். மூன்றில் ஒன்றிலிருந்து 40 சதவீதம் வரை வழக்கம். நீதிமன்றச் செலவு யாருடையது, நடுவில் விலகினால் என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

9. நீதிமன்றத்தில் நடப்பது

கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் பதிவுக் கட்டணம் 405 டாலர், இயலாதவர் விலக்குக் கேட்கலாம். வழக்குப் பதிந்த 90 நாளுக்குள் நிறுவனத்துக்குச் சம்மன் சேர வேண்டும். நிறுவனம் 21 நாளில் பதில் தர வேண்டும், முறைப்படி சம்மன் சேர்க்கத் தேவையில்லை என்று அது ஒப்புக்கொண்டால் 60 நாள்.

பிறகு ஆதாரப் பரிமாற்றம். மாதக்கணக்கில் நடக்கும், ஊழியரை அதிகம் களைக்க வைப்பதும் இதுவே. உங்கள் குறுஞ்செய்திகள், சமூக ஊடகப் பதிவுகள், மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்டால் மருத்துவக் குறிப்புகள் வரை கேட்பார்கள். வழக்கு நினைப்பு வந்த நாளிலிருந்து எதையும் அழிக்கக் கூடாது. அழித்தது தெரிந்தால் தண்டனை உங்களுக்கு. வாக்குமூலம் ஒரு நாளில் 7 மணி நேரம் வரை. கேட்டதற்கு மட்டும் பதில், தெரியாததற்குத் ‘தெரியாது’. இரண்டுக்கும் வழக்கறிஞரோடு ஒத்திகை பார்க்காமல் போகாதீர்கள்.

அடுத்து, விசாரணைக்கே போகாமல் வழக்கை முடிக்கச் சொல்லி நிறுவனம் மனு போடும். மூன்றாம் படியில் எழுதிய ஒப்பீடும் மாறிய காரணங்களும் உதவுவது இங்கேதான். அவை இல்லாத வழக்கு ஜூரியைப் பார்ப்பது அரிது.

10. கிடைக்கும் பணம்

இழந்த சம்பளம், வேலைக்குத் திரும்புதல் அல்லது அதற்குப் பதில் எதிர்காலச் சம்பளம், வழக்கறிஞர் கட்டணம். இவற்றுக்கு உச்சவரம்பு இல்லை. ஆனால் ஏழாம் தலைப்பிலும் மாற்றுத்திறன் சட்டத்திலும் மன உளைச்சலுக்கும் தண்டனைக்குமான தொகை இரண்டும் சேர்ந்து, 100 ஊழியர் வரை 50,000 டாலர், 200 வரை 1,00,000, 500 வரை 2,00,000, அதற்கு மேல் 3,00,000. செய்தியில் வரும் கோடிகளை நம்பி செட்டில்மென்ட்டை மறுக்கும் முன் இந்த எண்ணைப் பாருங்கள். பிரிவு 1981-லும் சில மாநிலச் சட்டங்களிலும் இந்த வரம்பு இல்லை, அதனால்தான் வழக்கறிஞர்கள் அவற்றையும் சேர்க்கிறார்கள். வயதுச் சட்டத்தில் மன உளைச்சலுக்குத் தொகை கிடையாது, வேண்டுமென்றே செய்ததென்றால் இழந்த சம்பளம் இரட்டிப்பாகும்.

செட்டில்மென்ட் பணத்துக்கு வரி உண்டு. இழந்த சம்பளப் பகுதி டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளப் படிவத்தில் வரும், பிடித்தமும் உண்டு. உடல் காயத்தால் வராத மன உளைச்சலுக்கான தொகைக்கும் வரி. வழக்கறிஞருக்குப் போன பங்கும் உங்கள் வருமானமாகவே காட்டப்படும். பாகுபாட்டு வழக்குகளில் அதைக் கழித்துக்கொள்ள 2004 முதல் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் படிவத்தில் நீங்கள் கேட்க வேண்டும். எந்தப் பகுதி எந்தத் தலைப்பில் என்பதையும், பணம் வரும் நாளையும், பரிந்துரைக் கடிதத்தின் வாசகத்தையும் கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.